தலையில் தோன்றி மார்பை எட்டும் அரிய கட்டிகள்

பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். மூளையின் உறையில் இருந்த கட்டி முழுமையாக அகற்றப்பட்டது. முதல் சில ஆண்டுகள் ஒழுங்காக ஸ்கேன் எடுத்துக்கொண்டார், ஒன்றும் தென்படவில்லை. பிறகு வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று வாழ்க்கை நகர்ந்தது. மருத்துவமனைக்கு வருவதும் நின்றுபோனது. இப்போது வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரேயில், நுரையீரலில் இரண்டு மூன்று உருண்டையான நிழல்கள் தெரிகின்றன. "இதற்கு முன் பெரிய நோய் ஏதேனும் இருந்ததா?" என்று மருத்துவர் கேட்கிறார். "சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை, டாக்டர்" என்று அவர் பதில் சொல்கிறார். தலையில் இருந்த கட்டிக்கும் மார்பில் தெரியும் நிழலுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இவர் குறிப்பிட்ட எந்த நோயாளியும் அல்லர். விளக்கத்துக்காகச் சொல்லப்பட்ட எடுத்துக்காட்டு. ஆனால் இத்தகைய சூழ்நிலை உண்மையில் நேரக்கூடியதே. சில வகை மூளைக் கட்டிகள், மிக அரிதாக, பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் தலைகாட்டுகின்றன. அப்போது நோயின் சரியான பெயரைக் கண்டறிவதற்கு மருத்துவருக்குப் பெரிதும் துணைசெய்வது, நோயாளி மறந்துபோன அந்தப் பழைய அறுவை சிகிச்சையின் விவரமே. அந்த விவரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வழக்கமான பாதையும் எதிர்ப்பாதையும்

புற்றுநோய், தான் தோன்றிய உறுப்பிலிருந்து வேறோர் உறுப்புக்குச் சென்று வளர்வதை மருத்துவர்கள் மெட்டாஸ்டாசிஸ் என்று அழைக்கின்றனர். மூளையையும் நுரையீரலையும் பொறுத்தவரை, வழக்கமான பயணம் நுரையீரலிலிருந்து மூளையை நோக்கியே நிகழ்கிறது. பிற உறுப்புகளிலிருந்து மூளைக்குப் பரவும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோயே முதலிடம் வகிக்கிறது. ஆகவே, ஒருவருக்குத் தலையிலும் மார்பிலும் ஒரே நேரத்தில் கட்டி காணப்பட்டால், மருத்துவர்கள் முதலில் நுரையீரலையே மூலமாகக் கருதுவர்.

இதன் எதிர்ப்பாதை, அதாவது மூளைக் கட்டி நுரையீரலுக்குச் செல்வது, மிகவும் அரிது. இதற்குச் சில காரணங்கள் கூறப்படுகின்றன. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் மிக நெருக்கமாகப் பின்னப்பட்டவை. அவற்றைக் கடப்பது எளிதன்று. மூளையைச் சுற்றியுள்ள டியூரா என்னும் தடித்த உறை மற்றுமொரு தடுப்பாக விளங்குகிறது. மற்ற உறுப்புகளில் புற்றணுக்கள் வெளியேறப் பயன்படுத்தும் நிணநீர்க் குழாய்கள் மூளைத் திசுவுக்குள் இல்லை. மூளை உறைகளில் அத்தகைய குழாய்கள் உண்டு என்பதே 2015-ஆம் ஆண்டில்தான் எலிகளில் நடந்த ஆய்வுகளால் தெளிவாகியது. மேலும், மூளையின் சூழலில் வளரப் பழகிய அணுக்கள் வேறு உறுப்பில் வேர்விடுவதும் கடினம்.

அப்படியானால் அரிதாகவேனும் சில கட்டிகள் வெளியேறுவது எப்படி? அவற்றுள் பெரும்பாலானவை எங்கே தோன்றுகின்றன என்பதைக் கவனித்தால் விடை ஓரளவு புலப்படும். அவை மூளைத் திசுவுக்குள் தோன்றுவன அல்ல. மூளையைப் போர்த்தியுள்ள உறைகளில் தோன்றுவன. இந்த உறைகளின் மடிப்புகளுக்கிடையேதான் மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் பெரிய சிரைக் கால்வாய்கள் அமைந்துள்ளன. உறையில் வளரும் கட்டி சில வேளைகளில் அக்கால்வாயின் சுவரை ஊடுருவுகிறது. அங்கிருந்து விடுபடும் ஓர் அணு கழுத்துச் சிரை வழியாக இறங்கி, மேற்பெருஞ்சிரையை அடைந்து, இதயத்தின் வலப்பக்கத்துக்குள் நுழைகிறது. இதயம் அந்த இரத்தத்தை நேராக நுரையீரலுக்கு அனுப்புகிறது. தலையிலிருந்து புறப்பட்ட இரத்தம் முதன்முதலாக வடிகட்டப்படும் இடம் நுரையீரலின் நுண்குழாய்களே. இக்கட்டிகள் நுரையீரலில் தங்குவதற்கு இது முக்கியமான காரணம்.

எந்தெந்தக் கட்டிகள்?

முதலாவது மெனின்ஜியோமா. பெரியவர்களிடம் தலைக்குள்ளேயே தோன்றும் கட்டிகளில் இதுவே மிகுதியானது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. இப்பெயரை 1922-இல் சூட்டியவர் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். இக்கட்டி மூன்று தரங்களாகப் பிரிக்கப்படுகிறது. பெரும்பான்மையானவை முதல் தரத்தைச் சேர்ந்தவை, மெதுவாக வளர்பவை, பலருக்கு அறுவை சிகிச்சையோடு சிக்கல் முடிந்துவிடுகிறது. தலைக்கு வெளியே பரவுவது ஆயிரத்தில் ஒருவருக்கு நேர்வது என்ற அளவிலேயே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவ்வாறு பரவும்போது மிகுதியாகச் சென்று சேரும் இடம் நுரையீரல். இரண்டாம், மூன்றாம் தரக் கட்டிகளிலும், தலையிலேயே மீண்டும் மீண்டும் வளர்ந்த கட்டிகளிலும் இவ்வாய்ப்பு கூடுகிறது. ஆயினும் முதல் தரக் கட்டிகூட அரிதினும் அரிதாக நுரையீரலில் காணப்பட்டதுண்டு.

இரண்டாவது, சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர். மூளையிலும் தண்டுவடத்திலும் தோன்றும் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானது இது. ஆனால் இக்கட்டுரையின் கருத்துக்கு இதுவே மிகவும் நெருக்கமானது. ஏனெனில் இது நெடுங்காலம் அமைதியாக இருந்துவிட்டுப் பின்னர் நுரையீரல், எலும்பு, கல்லீரல் ஆகியவற்றில் தோன்றும் இயல்புடையது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 44 நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் பிற உறுப்புகளுக்குப் பரவும் வாய்ப்பு ஐந்தாம் ஆண்டில் 13 விழுக்காடாகவும், பத்தாம் ஆண்டில் 33 விழுக்காடாகவும், பதினைந்தாம் ஆண்டில் 64 விழுக்காடாகவும் கணக்கிடப்பட்டது.

இவ்வெண்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை சிறிய எண்ணிக்கையிலான நோயாளிகளைப் பற்றியவை. இன்றைய ஸ்கேன் வசதிகளும் கதிர்வீச்சு முறைகளும் வருவதற்கு முந்தைய காலத்தவை. தனியொருவருக்கு என்ன நேரும் என்பதை அவற்றைக் கொண்டு சொல்ல முடியாது. ஆனால் அவை உணர்த்தும் பாடம் ஒன்று இன்றும் மாறவில்லை. "ஐந்தாண்டு கடந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்ற பொதுவான கணக்கு இக்கட்டிக்குப் பொருந்தாது என்பதே அது.

மூளைத் திசுவுக்குள்ளேயே தோன்றும் கிளியோபிளாஸ்டோமா போன்ற கட்டிகள் நுரையீரலுக்குச் செல்வது இன்னும் அபூர்வம். நூறு பேரில் இருவருக்கும் குறைவாகவே தலைக்கு வெளியே பரவுகிறது. குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமா பெரும்பாலும் மூளைத் தண்டுவட நீரின் வழியே பரவுகிறது. நரம்பு மண்டலத்தைக் கடந்து செல்லும் அரிய நேரங்களில் எலும்பையே மிகுதியாக நாடுகிறது.

ஒரே நோய், மாறிய பெயர்கள்

உங்கள் பழைய அறிக்கையில் ஹீமாஞ்சியோபெரிசைட்டோமா என்று எழுதப்பட்டிருக்கலாம். இன்று மருத்துவர் சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர் என்கிறார். "அன்று ஒன்று சொன்னார்கள், இன்று வேறொன்று சொல்கிறார்களே" என்று குடும்பத்தினர் குழம்புவது இயல்பே. உண்மையில் மாறியது நோயன்று, பெயர்தான்.

மூளை உறையில் தோன்றும் இக்கட்டி தொடக்கத்தில் மெனின்ஜியோமாவின் ஒரு வகையாகவே எண்ணப்பட்டு, ஆஞ்சியோபிளாஸ்டிக் மெனின்ஜியோமா என்று அழைக்கப்பட்டது. பின்னர் ஹீமாஞ்சியோபெரிசைட்டோமா என்ற தனிப்பெயர் பெற்றது. 2013-இல், உடலின் வேறு இடங்களில் தோன்றும் சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமரிலும் மூளை உறையின் இக்கட்டியிலும் ஒரே மரபணு மாற்றம் இருப்பது கண்டறியப்பட்டது. என்.ஏ.பி.2, ஸ்டாட்6 என்னும் அடுத்தடுத்த இரு மரபணுக்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதே அம்மாற்றம். இதனால் உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் இரு பெயர்களையும் இணைத்தது. 2021-இல் பழைய பெயரை நீக்கி, சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர் என்பதை மட்டும் வைத்துக்கொண்டது.

இதில் நோயாளிக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. 2013-க்கு முன்னர் மெனின்ஜியோமா என்று பெயரிடப்பட்ட கட்டிகளுள் சில, இன்றைய ஸ்டாட்6 சோதனையில் சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர் எனத் தெரியவரலாம். அன்றைய மருத்துவர்கள் பிழை செய்தார்கள் என்று இதற்குப் பொருளன்று. அன்று அச்சோதனை இல்லை.

நிழல்கள் எல்லாம் பரவல் அல்ல

நுரையீரலில் நிழல் தெரிந்தவுடன் மூளைக் கட்டி பரவிவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. நம் நாட்டில் காசநோய் பரவலாக உள்ளது. அது ஆறிய பின்னும் வடு நுரையீரலில் தங்கிவிடுகிறது. மூளை வீக்கத்துக்காக ஸ்டீராய்டு மாத்திரைகளை நீண்டநாள் உட்கொள்பவர்களுக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைவதால் நுரையீரல் தொற்று வரக்கூடும். புகைப்பழக்கம் உள்ளவருக்குப் புதிதாக நுரையீரல் புற்றுநோயே தோன்றியிருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு.

பரவிய கட்டி சிறிதாக இருக்கும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வளர்ந்தபின் விடாத இருமல், சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை தோன்றலாம். சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர் சிலருக்கு இன்சுலினைப் போன்று செயல்படும் ஒரு பொருளைச் சுரந்து இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்துவதுண்டு. சர்க்கரை நோய்க்கு மருந்து எதுவும் உண்ணாத ஒருவருக்கு வெறும் வயிற்றில் வியர்வை, நடுக்கம், மயக்கம் அடிக்கடி வருமானால் அதனையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூளைக் கட்டி உள்ளவர்களுக்குக் கால் சிரைகளில் இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலுக்குச் சென்று அடைப்பது, கட்டி பரவுவதைவிடப் பன்மடங்கு அதிகமாக நேர்கிறது. திடீரென்று மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கலாகாது. அன்றே, அப்பொழுதே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

பெயரை உறுதிசெய்வது எப்படி?

மார்பு எக்ஸ்ரேயில் ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டிகள் தப்பிவிடக்கூடும், ஆகவே சி.டி. ஸ்கேன் தேவைப்படுகிறது. தேவையெனில் பெட் ஸ்கேனும் எடுக்கப்படும். ஆனால் எந்த ஸ்கேனும் கட்டியின் பெயரை உறுதியாகச் சொல்லிவிடாது. சி.டி. ஸ்கேனின் வழிகாட்டலில் ஊசியைச் செலுத்தி, சிறிதளவு திசுவை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸியே அதனைச் சொல்லும். இதில் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும் சிறு அபாயம் உண்டு. ஆகவே பரிசோதனைக்குப் பின் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருப்பர்.

எடுத்த திசுவை நோய்க்கூறியல் மருத்துவர் நுண்ணோக்கியில் காண்பதோடு, சிறப்புச் சாயச் சோதனைகளுக்கும் உட்படுத்துகிறார். நுரையீரலிலேயே தோன்றும் புற்றுநோயின் முக்கிய வகையொன்றில் டி.டி.எஃப்.-1 என்னும் புரதம் பெரும்பாலும் காணப்படும். சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமரில் ஸ்டாட்6 அணுக்கருவுக்குள் சாயமேற்கும். மெனின்ஜியோமாவுக்கும் அதற்கே உரிய அடையாளங்கள் உண்டு.

இத்தனை சோதனைகள் இருந்தும், பழைய அறுவை சிகிச்சையின் விவரம் தெரியாவிட்டால் முடிவு தவறக்கூடும். சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர் என்னும் இதே கட்டி, நுரையீரலின் உறையிலேயே முதன்முதலாகவும் தோன்றுவதுண்டு. மிக அபூர்வமாக மெனின்ஜியோமாவும் அவ்வாறே நுரையீரலில் தானாகத் தோன்றியதாகப் பதிவுகள் உள்ளன. மார்பிலிருந்து எடுத்த திசுவை மட்டும் பார்க்கும் மருத்துவர், அது அங்கேயே பிறந்த கட்டி என்று கருத இடமுண்டு. நோயாளிக்கு முன்பு தலையில் அறுவை சிகிச்சை நடந்தது என்ற ஒரு வரி அவர் கைக்குக் கிடைத்தால், பழைய திசுவையும் புதிய திசுவையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார். இரண்டும் ஒன்றா, வேறா என்பது அப்போது தெளிவாகும்.

பெயர் ஏன் முக்கியம்? நுரையீரலுக்குச் சென்ற மெனின்ஜியோமா நுரையீரல் புற்றுநோய் அன்று. அது இருக்கும் இடம் நுரையீரல். அதன் இயல்போ மெனின்ஜியோமாவின் இயல்பு. நுரையீரல் புற்றுநோய்க்கு உரிய கீமோதெரபி மருந்துகளை அதற்குக் கொடுத்தால், பயன் கிட்டாமல் பக்கவிளைவுகளே எஞ்சக்கூடும். மாறாக, மெதுவாக வளரும் சிறு கட்டியெனத் தெரிந்தால், சில நோயாளிகளுக்கு உடனடிச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.

சிகிச்சை வழிகள்

இக்கட்டிகள் அரியவையாதலால், எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சிகிச்சை முறை என்று ஒன்றில்லை. நரம்பியல் அறுவை, மார்பு அறுவை, புற்றுநோய், கதிர்வீச்சு, நோய்க்கூறியல் ஆகிய துறைகளின் மருத்துவர்கள் ஒன்றுகூடி ஆராய்ந்து முடிவெடுப்பதே நல்லது. கட்டிகள் ஒன்றிரண்டாக இருந்தால், மார்பில் சிறு துளைகளிட்டு நுரையீரலின் அப்பகுதியை மட்டும் அகற்றலாம். அறுவை சிகிச்சைக்கு உடல்நிலை இடந்தராதபோது, கட்டியை மட்டும் துல்லியமாகக் குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு உதவும். கட்டிகள் பலவாக இருக்கும்போது மருந்துகளைச் சார்ந்திருக்க நேரிடும். சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமருக்கு டெமோசோலமைடும் பெவாசிசுமாப்பும் இணைந்த சிகிச்சை, பசோபனிப், சுனிடினிப் போன்றவை பயன்படுகின்றன. இவை பெரும்பாலும் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவன. கட்டியை முற்றிலும் அழித்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. சிறிய, அசையாத கட்டிகளைக் குறித்த இடைவெளிகளில் சி.டி. ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியே. அது கைவிடுதல் ஆகாது.

"தலையில் கத்தி வைத்ததால்தானே பரவியது?" என்று சில குடும்பத்தினர் வருந்துவதுண்டு. அன்று சம்மதக் கையெழுத்திட்டவர் தம்மையே நொந்துகொள்வதும் உண்டு. பதிவான நோயாளிகளுள் பலர் முன்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்பது உண்மை. ஆனால் அறுவை சிகிச்சையே செய்துகொள்ளாதவர்களிடமும் இப்பரவல் காணப்பட்டுள்ளது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட மிகப் பெரும்பான்மையோருக்கு எதுவும் பரவுவதில்லை. அகற்றாமல் விட்டிருந்தால் அக்கட்டி பார்வையையோ, பேச்சையோ, உயிரையோ பறித்திருக்கக்கூடும். அன்று எடுத்த முடிவு சரியானதே. அதற்காக யாரும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

முதலாவதாக, கட்டியின் முழுப்பெயரையும் தரத்தையும் அறிந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "தலையில் ஒரு கட்டி, எடுத்துவிட்டார்கள்" என்பது போதாது.

இரண்டாவதாக, நோய்க்கூறியல் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் பதிவுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள்.

மூன்றாவதாக, அகற்றிய திசுவை மெழுகில் பதித்து வைத்துள்ள பிளாக் எங்கே உள்ளது என்று கேட்டறியுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் அதனைக் குறிப்பிட்ட காலம் வரையே பாதுகாக்கும். காலம் முடியும் முன் எழுத்து மூலம் விண்ணப்பித்தால் அதனைப் பெறுவது குறித்து வழி சொல்வார்கள். காகித அறிக்கையைவிட இந்தப் பிளாக் மதிப்புமிக்கது. நாளை வரும் புதிய சோதனையையும் அதில் செய்ய முடியும்.

நான்காவதாக, எத்தனை ஆண்டுகள், எவ்வளவு இடைவெளியில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர் இருந்தவர்களும், இரண்டாம், மூன்றாம் தர மெனின்ஜியோமா இருந்தவர்களும், தலையோடு மார்பையும் பரிசோதிக்க வேண்டுமா என்று தவறாமல் கேளுங்கள். முதல் தர மெனின்ஜியோமா இருந்தவர்களுக்குப் பொதுவாக மார்பு ஸ்கேன் தேவைப்படுவதில்லை.

ஐந்தாவதாக, பல்வலிக்காகச் சென்றாலும், இருமலுக்காகச் சென்றாலும், எந்த மருத்துவரிடமும் பழைய அறுவை சிகிச்சையைச் சொல்லுங்கள். அது தொடர்புடையதா, இல்லையா என்று முடிவுசெய்வது மருத்துவரின் வேலை. சொல்லிவைப்பது நம் கடமை.

தொடக்கத்தில் கண்ட அந்த நோயாளியிடம் திரும்புவோம். மறுமுறை வரும்போது அவருடைய மனைவி அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து வருகிறார். "டாக்டர், பன்னிரண்டு வருடத்துக்கு முன் இவருக்குத் தலையில் ஆபரேஷன் நடந்தது. இதையும் பார்க்கிறீர்களா?" என்று நீட்டுகிறார். மருத்துவர் அறிக்கையை இருமுறை படித்துவிட்டு, பழைய பிளாக்கை வரவழைக்கும்படி எழுதுகிறார். நோய் இன்னும் தீரவில்லை. ஆனால் அதன் உண்மைப் பெயரை நோக்கிய தேடல் சரியான இடத்தில் தொடங்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் அத்தகைய கோப்பு ஒன்று இருக்குமானால், அது எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.